பால், தயிர், பருப்பு, சோயா: புரதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொருவர் ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பவுடர்) டப்பா வாங்கி வந்திருக்கிறார், அம்மாவுக்கு சர்க்கரை, பாட்டி இரவில் கஞ்சி மட்டும் போதும் என்கிறார். இந்த நான்கு பேருக்கும் ஒரே அடுப்பில் சமைப்பவர்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை. சைவச் சாப்பாட்டையும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் முட்டையோ மீனோ சேர்கிற சாப்பாட்டையும் மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நேராக அந்தக் கேள்விக்குப் போய்விடுங்கள், உங்களுக்குக் கணக்கே வேறு.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அதாவது 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் போல. கர்ப்பிணிகளுக்கு நடு மூன்று மாதங்களில் இதோடு 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் கூடுதல். தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் கூடுதலாக சுமார் 17 கிராம். உடல் பருமன் இருந்தால் இப்போதைய எடையை வைத்துப் பெருக்காமல், உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறோமே, அது தானாகவே கிடைத்துவிடாதா?

வயிறு நிறைவதும் புரதம் நிறைவதும் வேறு வேறு. ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நான்கு இட்லி, ஒரு இட்லிக்கு 2 கிராம் என்று வைத்தால் 8 கிராம், தேங்காய்ச் சட்னியில் 1. நாள் முழுக்க இரண்டு காபிக்கும் சேர்த்து 150 மில்லி பால், அதில் 5. மதியம் 120 கிராம் அரிசி வடித்த சாதத்தில் 9, தண்ணியான சாம்பாரில் 4, பொரியலில் 2, மோரில் 1. ரசத்தில் சொல்லும்படி எதுவும் இல்லை. இரவு மூன்று தோசை, 8 என்றே வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 38 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம் வேண்டும், 12 கிராம் இடிக்கிறது. இத்தனைக்கும் அவர் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

அந்த 12 கிராமை எப்படி நிரப்புவது என்பதுதான் உண்மையான கேள்வி, பால் பெரிதா பருப்பு பெரிதா என்பது அதற்கு அப்புறம் வருவது. சாயங்காலம் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து ஒரு கிண்ணம் சுண்டல் செய்தால் 8 கிராம் வந்துவிடும். மதியம் மோருக்குப் பதில் 150 கிராம் கெட்டித் தயிர் என்றால் அந்த 1 கிராம் 5 ஆகிவிடும். அவ்வளவுதான், 50 வந்துவிட்டது. டப்பாவும் வேண்டாம், பவுடரும் வேண்டாம்.

தினமும் சாம்பார் வைக்கிறோம், பருப்பு போதாதா?

எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் இருக்கிறது, அது வேகாத பருப்பின் கணக்கு. நான்கு பேர் வீட்டில் 75 கிராம் பருப்பு போட்டு, புளித்தண்ணீரும் காயும் சேர்த்துப் பெருக்கி, அதையே மதியமும் இரவும் ஊற்றிக்கொண்டால் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 4 கிராம்தான் போகிறது. அதே வீட்டில் 150 கிராம் போட்டால் ஆளுக்கு 8 கிராம். சாம்பார் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், ருசியும் கூடத்தான் செய்யும். சாம்பார் கெட்டியாவது பிடிக்காதவர்கள் தனியாகப் பருப்புக் கடைசலோ, கூட்டோ, பருப்பு உசிலியோ வையுங்கள். உசிலி உண்மையில் ஒரு அருமையான புரதப் பதார்த்தம், ஏனென்றால் அதில் காய்க்குச் சமமாகப் பருப்பு போகிறது.

பாசிப்பருப்பு, உளுந்து, தட்டைப்பயறு எல்லாம் 100 கிராமுக்கு 22 முதல் 25 கிராம் வரை வரும். கொள்ளு 22, கொண்டைக்கடலை 19 அல்லது 20. நிலக்கடலை 25 கிராம் போல, ஆனால் பாதி எடை கொழுப்பு என்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆவின் பாக்கெட்டில் பச்சை, நீலம், ஆரஞ்சு. எதில் புரதம் அதிகம்?

ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான், 100 மில்லிக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். பாக்கெட்டின் நிறம் சொல்வது கொழுப்பின் அளவை: நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. ஆகவே "சத்துக்காக" என்று ஆரஞ்சுப் பால் வாங்குபவர்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் கொழுப்புதான். எடை ஏற வேண்டிய குழந்தைக்கு அது சரி, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்கு நீலம் போதும். எருமைப்பாலில் புரதம் கொஞ்சம் கூடுதல், 4 கிராமை ஒட்டி வரும், கொழுப்பும் கூடவே ஏறும். பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து காய்ச்சுகிற வழக்கம் இருந்தால் புரதத்தையும் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள்.

தயிர், மோர், பனீர், நெய் எல்லாமே பால்தானே? எல்லாவற்றிலும் புரதம் இருக்குமா?

நெய்யில் கிடையவே கிடையாது, வெண்ணெயிலும் இல்லை என்றே சொல்லலாம். தயிரில் பாலின் அளவே இருக்கும். மோரில் நீங்கள் ஊற்றுகிற தண்ணீரைப் பொறுத்து ஒரு டம்ளருக்கு 1 முதல் 2 கிராம். வெயிலுக்கு மோர் மாதிரி வேறு எதுவும் இல்லை, ஆனால் புரதத்துக்கு அதை நம்ப வேண்டாம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால் அதே எடைக்குப் புரதம் நன்றாகவே ஏறும், கடைகளில் கிரேக்கத் தயிர் என்று விலை கூட்டி விற்பதும் வடித்த தயிர்தான்.

பனீரில் 100 கிராமுக்கு 18 கிராம் வரை புரதம், ஆனால் 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் இருக்கிறது. 50 கிராம் பனீர் ஒருவருக்கு ஒரு வேளைக்குத் தாராளம். வீட்டில் பனீர் செய்யும்போது வடியும் தண்ணீரைச் சிலர் வே புரோட்டீன் என்று நினைத்துக் குடிக்கிறார்கள். பாலை நன்றாகக் கொதிக்க வைத்துத் திரிக்கும்போது வே புரதத்தின் பெரும்பகுதி கேசீன் என்ற இன்னொரு பால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள்ளேயே போய்விடுகிறது, தண்ணீரில் தங்குவது கொஞ்சம்தான். சப்பாத்தி மாவு பிசைய, குழம்பில் ஊற்ற அந்தத் தண்ணீர் நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பால் புரதம்தான் முழுமையானது, பருப்புப் புரதம் மட்டம் என்கிறார்களே?

இதில் பாதி உண்மை. புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை, அவற்றில் ஒன்பதை உடல் தானே செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். பாலிலும் முட்டையிலும் அந்த ஒன்பதும் தேவையான விகிதத்தில் இருக்கின்றன, எளிதாகவும் செரிக்கின்றன. அரிசி, கோதுமையில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். இட்லியும் வெண்பொங்கலும் அடையும் பருப்பு சாதமும் அந்தச் சேர்க்கைதான். ஒரே வாயில் சேர்த்து விழுங்க வேண்டும் என்றும் இல்லை, ஒரே நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும்.

ஆனால் அளவு முக்கியம். தானியம், பருப்பு, பால் மூன்றும் 3, 1, 2.5 என்ற விகிதத்தில் இருந்தால் புரதத்தின் தரம் நன்றாக அமையும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. 300 கிராம் அரிசி, கோதுமைக்கு 100 கிராம் பருப்பு, 250 மில்லி பால். நம் வீடுகளில் அந்த 300 சரியாக இருக்கிறது, சில சமயம் 400-ஐக்கூடத் தாண்டுகிறது. 100 இருக்க வேண்டிய பருப்புதான் 30, 40-இல் நின்றுவிடுகிறது.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது. பால் அலர்ஜியா?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. அது லாக்டோஸ் பிரச்சினை, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோவதால் வருவது. உலகில் பெரும்பாலான மக்களுக்கு வயதாக ஆக அந்த நொதி குறைவது இயல்புதான், தென்னிந்தியர்களிடம் இது வட இந்தியர்களைவிட அதிகம். இதற்காகப் பால் பொருள் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. தயிரில் கிருமிகள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிட்டிருக்கும், குடலிலும் செரிமானத்துக்கு உதவும், அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. பனீரில் லாக்டோஸ் குறைவு. பாலே வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் பெரிய டம்ளரில் குடிக்காமல் சாப்பாட்டோடு கொஞ்சமாகக் குடித்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கு வந்து தேறிய குழந்தைகளுக்குச் சில வாரங்கள் மட்டும் இந்தத் தொல்லை இருந்துவிட்டுப் போவதும் உண்டு.

அலர்ஜி வேறு. அது பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக எடுத்துக்கொள்வது. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, சின்னக் குழந்தைகளுக்கு மலத்தில் ரத்தம் என்று வரும். இதில் அளவு குறைப்பது, தயிராக்கிக் கொடுப்பது எதுவும் உதவாது. மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

குழந்தைக்குப் பசும்பால் அலர்ஜி. ஆட்டுப்பால், எருமைப்பால் கொடுக்கலாமா?

வேண்டாம். பசும்பால் புரதமும் ஆட்டுப்பால், எருமைப்பால் புரதமும் அவ்வளவு நெருக்கமானவை, ஒன்றுக்கு அலர்ஜி என்றால் மற்றதற்கும் வர வாய்ப்பு மிக அதிகம். பாதாம் பாலும் ஓட்ஸ் பாலும் கைக்குழந்தையின் பசிக்கும் வளர்ச்சிக்கும் போதவே போதாது. தாய்ப்பால் தொடரட்டும், சில சமயம் அம்மா தன் சாப்பாட்டில் பால் பொருட்களை நிறுத்த வேண்டியிருக்கும். தாய்ப்பால் இல்லையென்றால் புரதத்தை ஏற்கெனவே துண்டு துண்டாக உடைத்துத் தயாரித்த சிறப்புப் பால்மாவு இருக்கிறது, அதைக் குழந்தை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இந்த அலர்ஜி போய்விடும், ஆனால் போய்விட்டதா என்று வீட்டிலேயே கொடுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

அலர்ஜி இல்லாத குழந்தைக்கும் ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய ஆகாரமாக வைக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு.

பாதாம் பால், ஓட்ஸ் பால், தேங்காய்ப் பால், சோயா பால். பாலுக்குப் பதில் எது?

புரதத்துக்கு என்றால் சோயா பால் மட்டும்தான். 250 மில்லி டம்ளரில் 7 கிராம் வரை வருகிறது, கிட்டத்தட்ட பசும்பால் அளவு, தரமும் பக்கத்தில் நிற்கிறது. ஓட்ஸ் பாலில் 2 அல்லது 3 கிராம். பாதாம் பாலில் 1 கிராம் போல. பாதாம் பருப்பில் புரதம் இருக்கிறதே என்று கேட்பீர்கள், இருக்கிறது, ஆனால் ஒரு பெட்டி பாதாம் பாலில் போவது சில பாதாம்கள்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். அதற்குக் கொடுக்கிற விலையில் பாதாமையே வாங்கி ஊறவைத்துத் தின்றுவிடலாம். தேங்காய்ப் பால் ஆப்பத்துக்கும் சொதிக்கும் அருமை, அதில் இருப்பது கொழுப்பு.

எதை வாங்கினாலும் பெட்டியின் பின்பக்கம் மூன்று வரிகளைப் பாருங்கள்: 100 மில்லியில் புரதம் எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு, கால்சியம் சேர்த்திருக்கிறார்களா. சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும், ஊற்றும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும்.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் மாறிவிடுமாமே? மீல் மேக்கர் நல்லதா?

சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது, அதன் வடிவம் ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். அதிலிருந்து கிளம்பிய பயம் இது. ஆண்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சோயா டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கவில்லை என்றே தெரிந்திருக்கிறது. ஜப்பானிலும் சீனாவிலும் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள்.

மீல் மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த சோயா மாவைப் பிதுக்கிச் செய்த உருண்டை. காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம், கடையில் சுலபமாகக் கிடைப்பவற்றில் இவ்வளவு புரதத்தை இந்த விலைக்கு வேறு எதுவும் தராது. ஒருவருக்கு 25 கிராம் காய்ந்த உருண்டை போதும், 13 கிராம் வந்துவிடும். வெந்நீரில் போட்டு நன்றாகப் பிழிந்துவிட்டு குருமாவிலோ பிரியாணியிலோ போடுங்கள். தினமும் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், மற்ற நாள் பயறு வகைகள் இருக்கட்டும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவில் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். பால், காபி, கால்சியம் மாத்திரைக்கும் இது பொருந்தும், அவையும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

பால், தயிர் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். புரதம் தவிர வேறு என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் வைட்டமின் பி12. சைவர்களுக்கு இது வருவதே பால், தயிர் வழியாகத்தான். அதையும் நிறுத்தினால் மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம். புளித்த இட்லி மாவில், பழைய சோற்றில், கீரையில் இருக்கிறது என்று வரும் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கை கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது, ஞாபகம் தடுமாறுவது என்று மெதுவாக வரும், நாளாகிவிட்டால் நரம்புக்கு நேர்ந்த சேதம் முழுவதும் சரியாகாமலே போகலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

அப்புறம் கால்சியம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பாலில் 120. எடைக்கு எடை கேழ்வரகு ஜெயிக்கிறது, ஆனால் அதில் உள்ள ஃபைட்டேட் உறிஞ்சுதலைக் குறைக்கும், ஊறவைத்து முளைகட்டினால் அது ஓரளவு சரியாகும். எள், முருங்கைக்கீரை நல்லவை. பாலக் கீரையில் கால்சியம் இருந்தும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மீன் சாப்பிடுபவர்களுக்கு முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி இருக்கும்வரை கவலையே இல்லை.

ஏ2 பால் இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா?

பாலின் பீட்டா கேசீன் புரதத்தில் 67-ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ஏ1-இல் ஹிஸ்டிடின், ஏ2-இல் புரோலின். நம் நாட்டு மாடுகளும் எருமைகளும் பெரும்பாலும் ஏ2 வகைதான். ஏ1 பால் சிலருக்கு வயிற்றுத் தொல்லை தரலாம் என்று சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன, மற்ற பெரிய நோய்களோடு அதைத் தொடர்புபடுத்தும் ஆதாரம் பலமாக இல்லை. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடுவதை நீக்கச் சொல்லி அறிவித்துவிட்டு, சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புரதத்தின் அளவு இரண்டிலும் ஒன்றே. கூடுதல் பணத்துக்குப் பருப்பும் முட்டையும் வாங்கினால் வீட்டுக்கே நல்லது என்பது என் கருத்து.

ஜிம்முக்குப் போகும் பையன் வே புரோட்டீன் வேண்டும் என்கிறான். ஆபத்தா?

ஆரோக்கியமான பையனுக்கு, நல்ல தரமான பவுடர் என்றால், ஆபத்து இல்லை. அது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து வடித்தெடுத்த பால் புரதம், அவ்வளவுதான். தசையைக் கட்டும் வேலையைத் தூண்டுகிற லியூசின் என்ற அமினோ அமிலம் அதில் அதிகம், சீக்கிரம் செரிக்கும். உடற்பயிற்சி கடுமையாகச் செய்பவர்களுக்கு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படலாம், சைவமாக இருந்து அதைச் சாப்பாட்டில் மட்டும் எட்டுவது சிரமம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதே சமயம் 2024-இல் வந்த இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காக இந்தப் பவுடர்களை எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாள் சும்மா போய் வருகிற பையனுக்கு அது தேவையே இல்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 30 கிராம் கரண்டியில் 24 கிராமாவது புரதம் இருக்கிறதா, உள்ளடக்கப் பட்டியலில் கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து எண்ணிக்கையை ஊதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஜிம்மில் யாரோ பிரித்துக் கட்டித் தரும் பவுடர் வேண்டவே வேண்டாம். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸைப் பெரும்பாலும் நீக்கிய ஐசோலேட் வகை வாங்கலாம், பால் அலர்ஜி உள்ளவர்கள் எந்த வே பவுடரையும் தொடக் கூடாது, அவர்களுக்குப் பட்டாணி, சோயாவிலிருந்து எடுத்தது இருக்கிறது.

குழந்தைகளுக்கான மால்ட் பவுடர் பாலில் கலந்தால் புரதம் கூடுமா?

ஒரு கரண்டியில் கூடுவது ஒன்றிரண்டு கிராம், கூடவே போகும் சர்க்கரை அதைவிட அதிகம். பாலைப் பாலாகக் குடிக்கப் பழக்குங்கள். குடிக்காத குழந்தைக்குப் பொட்டுக்கடலையும் வெல்லமும் பொடித்த உருண்டை கொடுங்கள், ஓடி வந்து தின்னும்.

மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் தோலில் வெண்புள்ளி வருமா? இரவில் தயிர் கூடாதா?

வெண்புள்ளி உடலின் எதிர்ப்புச் சக்தி தோலின் நிறமி செல்களைத் தாக்குவதால் வருவது, மீன் குழம்புக்கு அப்புறம் தயிர் சாதம் சாப்பிட்டதால் இல்லை. இரவில் தயிர் ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள்.

கடைப் பனீர் ரப்பர் மாதிரி இருக்கிறது. போலியா?

பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டுச் செய்த பனீர் விற்பனையில் இருக்கிறது, பாக்கெட்டில் அனலாக் என்று போட்டிருக்க வேண்டும். சில்லறையாக வெட்டித் தருவதில் இது தெரியாது. கொஞ்சம் பனீரைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டுப் பாருங்கள், நீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. எண்ணெய் கலந்ததை இந்தச் சோதனை காட்டாது. பாலை வாங்கி எலுமிச்சை பிழிந்து வீட்டிலேயே திரிப்பதுதான் எனக்கு நிம்மதி.

சர்க்கரை நோய் இருக்கிறது. பால் குடிக்கலாமா, பருப்பு சாப்பிடலாமா?

இரண்டும் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. இந்தியர்களின் உணவில் 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதம்தான். மொத்த சக்தியில் வெறும் 5 சதவீத அளவை மாவுச்சத்திலிருந்து தாவரப் புரதமாகவோ பால் புரதமாகவோ மாற்றினால்கூட நீரிழிவு வரும் அபாயம் குறைவாக இருக்கும் என்று அந்தக் கணக்கு காட்டியது. அதில் மாற்றினால் என்ற சொல்லைக் கவனியுங்கள். வழக்கமான மூன்று கரண்டி சாதத்துக்கு மேல் ஒரு கிண்ணம் சுண்டல் என்றால் சர்க்கரை இறங்காது. ஒரு கரண்டி சாதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுண்டலை வைக்க வேண்டும். அரிசியை நிறுத்திக் கோதுமைக்கு மாறினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் மாவுச்சத்துதான்.

பாட்டிக்கு எண்பது வயது, கொஞ்சம்தான் சாப்பிடுகிறார். அவருக்கு எதற்குப் புரதம்?

அவருக்குத்தான் முதலில் வேண்டும். வயதாக ஆகத் தசை கரைகிறது, விழுவதும் எலும்பு முறிவதும் படுக்கையாவதும் அதனால்தான் அதிகம். முதியவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன, அதாவது இளைஞர்களைவிட அதிகம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பல் இல்லை, செரிக்காது என்று சொல்லிக் காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு அரிசிக் கஞ்சி. அன்போடுதான் கொடுக்கிறோம், ஆனால் அந்தத் தட்டில் 20 கிராம்கூடத் தேறாது.

மெல்ல வேண்டாத புரதம் நம் சமையலில் நிறைய இருக்கிறது. அரிசிக் கஞ்சியில் பாதிக்குப் பாதி பாசிப்பருப்பு போடலாம், பொட்டுக்கடலை மாவு ஒரு பெரிய கரண்டி கரைத்து விடலாம். உளுந்தங்கஞ்சியை வயதுக்கு வந்த பெண்ணுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறோம், பாட்டிக்கும் அது அவ்வளவு பொருத்தம். கெட்டித் தயிரில் குழைய வடித்த சாதம், முட்டை சாப்பிடுபவர் என்றால் மென்மையாக வேகவைத்த முட்டை ஒன்று, அதில் 6 கிராம். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள், கூடவே வீட்டுக்குள்ளாவது கொஞ்சம் நடக்க வையுங்கள். அசையாத தசையில் புரதம் சேராது.

புரதம் அதிகமானால் கிட்னி கெட்டுவிடுமா?

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு, இங்கே பேசிய அளவுகளில், கெடாது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் வரை போகாதவர்களுக்குப் புரதத்தைக் குறைத்து கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராமுக்குள் வைப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு நேர் எதிர், அதில் புரதம் வெளியேறுவதால் கூடுதலாகச் சாப்பிடச் சொல்வார்கள். பால், பருப்பில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் கணக்கும் இதோடு சேரும். பக்கத்து வீட்டு நோயாளியின் டயட் சார்ட்டை நகல் எடுத்துப் பின்பற்றுகிறவர்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கழிவுப்பொருள்) அளவைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கு. நீண்ட நாள் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பயறு சாப்பிட்டால் வாயுத் தொல்லை. என்ன செய்வது?

கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள், குடல் பழகிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் ஆகும். இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள், முளைகட்டினால் இன்னும் எளிது. பெருங்காயம், இஞ்சி, சீரகம் கைகொடுக்கும். கொண்டைக்கடலையும் மொச்சையும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாசிப்பருப்பு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

இதெல்லாம் செலவு பிடிக்காதா?

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அந்த ஒரு கிலோவில் 220 கிராம் புரதம் இருக்கிறது, ஏழு லிட்டர் பாலில் இருப்பதற்குச் சமம். அதை வாங்காமல் விடுபவர்களும், வாங்கிப் பக்கத்தில் விற்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கும். பள்ளியில் சத்துணவு முட்டை தருகிறார்கள் என்றால் குழந்தையைச் சாப்பிட விடுங்கள், வீட்டு வழக்கம் தடுத்தால் சுண்டலாவது டப்பாவில் கொடுத்தனுப்புங்கள்.

சோயா பாலும் டோஃபுவும் வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. சோயா பீன்ஸை இரவு ஊறவைத்து, காலையில் தோலைத் தேய்த்து நீக்கிவிட்டு, கொதிக்கிற வெந்நீர் ஊற்றி மிக்சியில் அரையுங்கள். குளிர்ந்த நீரில் அரைத்தால்தான் அந்தப் பச்சை வாடை கிளம்பும். துணியில் வடிகட்டிய பாலை அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே 15, 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். இதில் அவசரப்படக் கூடாது, பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். பொங்குவதை வைத்துக் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள், சோயா பால் கொதி வருவதற்கு முன்பே நுரைத்துப் பொங்கும். டோஃபு வேண்டுமென்றால் சூடான பாலில் தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றித் திரித்து, துணியில் கட்டி மேலே கனம் வைத்து அரை மணி நேரம் விட்டால் போதும். வடிகட்டிய சக்கையில் நார்ச்சத்தும் கொஞ்சம் புரதமும் மிச்சம் இருக்கும், அதை அடை மாவிலோ வடை மாவிலோ சேர்த்து நன்றாக வேகவிட்டுச் சாப்பிடலாம், அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், வெளியில் வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும்.